வளையத்தின் ஓரத்தில் நின்றவன்

செங்கமலம் அந்த ஞாயிற்றுக்கிழமையும் நகரியிலிருந்து பஸ் பிடித்து, ஒரு பை நிறையக் கஞ்சித் துணியோடு வந்திறங்கினாள். அவள் வேலை பார்க்கும் தறிக்கூடத்தில் ஓரம் வெட்டிப் போடும் துண்டுகள் அவை. மொடமொடப்பாக, வலை மாதிரி இருக்கும். அவளுடைய நாத்தனார் நந்திதாவுக்கு அதைவிட வாகான துணி எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை. அச்சுத் தகட்டில் மை பூசிய பிறகு, மேலே நிற்கும் மையைத் துடைத்தெடுக்க அவள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

நந்திதா திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அங்கேயே கொர்லகுண்டாவில் மாடி வீடு. முன்னறையில் அவளும் கணவன் ரகுவும் குடியிருந்தார்கள். பின்னறையை அச்சு இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. கப்பல் சக்கரம் மாதிரி ஒரு பெரிய சக்கரம், அதைச் சுற்றினால் உருளைக்கு அடியில் மெல்ல நகரும் இரும்புப் பலகை. ரேணிகுண்டாவில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. இரண்டு வருஷமாக அவள் அதில் அச்செடுத்ததும், கித்தானில் வரைந்ததும் ஒன்றே ஒன்றைத்தான். கருந்துளைகள். உருவம் எதுவும் கிடையாது. நடுவில் கருப்பு, சுற்றி வெளிச்சம், அவ்வளவுதான். ஜூன் மாதம் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அவளை அழைத்திருந்தார்கள்.

அந்தக் கருப்புக்காக அவள் நிறையப் பாடுபட்டிருந்தாள். பூசுகிற கருப்பு எதுவும் அவளுக்குப் போதவில்லை. கடைசியில் அலுமினியத் தகட்டில் வட்டமாகக் கோந்து தடவி, அதன்மேல் சாணை பிடிக்கிற தூளைத் தூவிக் காயவைத்தாள். அந்தச் சொரசொரப்புக்குள் மை போய் உட்கார்ந்துகொண்டால் எவ்வளவு துடைத்தாலும் வெளியே வராது. ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் கொடுத்து எடுத்தபோது, தாளில் விழுந்த கருப்பைப் பார்த்து அவளே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கண்ணை உள்ளே இழுக்கிற மாதிரி இருந்தது.

அந்தத் தகட்டின் முதல் அச்சு கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. செங்கமலம் பையை வைத்துவிட்டு அதன் எதிரில் போய் நின்றாள்.

"இது யாரு நந்திதா?"

"எது அண்ணி?"

"இதோ, இந்த வெள்ளையில நின்னுக்கினு கீறாரே."

நந்திதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கருப்பைச் சுற்றிய வெள்ளை வளையத்தில், வலப்பக்கம், ஒரு கோடு நின்றது. விரல் நகத்தைவிடச் சின்னது. துருப்பிடித்த மாதிரி சிவப்பு. அவள் அந்தத் தகட்டில் கருப்பு மையைத் தவிர வேறெதையும் தொட்டிருக்கவில்லை.

"நூலு ஒட்டிக்கினு இருக்கும் அண்ணி. உங்க தறியில செவப்பு ஓடுதா?"

"இந்த மாசம் பூரா வெள்ளதான்."

நந்திதா ஊசி முனையால் நெருடிப் பார்த்தாள். தாளின்மேல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சிவப்பு தாளுக்குள்ளேயே இருந்தது.

"தோளப் பாரு," என்றாள் செங்கமலம். சத்தமே வராமல் சொன்னாள். "எடது தோளு."

நந்திதாவுக்குப் பார்க்க விருப்பமில்லை. ஆனாலும் பார்த்தாள். கோட்டின் மேல்பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

அவளுடைய அண்ணன் திருமலைக்கு இடது தோள் அப்படித்தான் சரிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் மாமரத்திலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். ஆபரேஷன் செய்து எலும்போடு ஸ்டீல் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தோள் மட்டும் நிமிரவில்லை. பிறகு லாரி ஓட்டினான். செங்கமலத்தைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜூன் மாதம், மாங்காய் சீசனில், பங்காருபாளையத்திலிருந்து தோத்தாபுரி மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை லாரி ரோட்டோரத்தில் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. லோடு அப்படியே இருந்தது. செல்போனும் செருப்பும் சீட்டுக்குக் கீழே இருந்தன. சாவியும் அவனும் மட்டும் இல்லை.

போலீஸ் சுற்றுவட்டாரத் தோப்புகளில் தேடியது. தெரிந்த கிணறுகளில் எல்லாம் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்கள். சாமியாராகப் போயிருப்பான் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, நந்திதாவும் செங்கமலமும் போட்டோவை வைத்துக்கொண்டு திருப்பதி மலைமேல் கோயில் தரிசனக் கூட்டத்துக்குள் வாரக்கணக்கில் அலைந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அழவும் முடியவில்லை, காரியம் செய்யவும் முடியவில்லை. செங்கமலம் பொட்டும் தாலியுமாக மாமியாரோடு நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே இருந்துவிட்டாள். மாமியார் பொன்னியம்மாள், ஊரெல்லாம் வீட்டுக்கு வர்ணம் மாற்றியபோதும், தன் வீட்டுச் சுவரின் உரிந்த நீலத்தை மாற்றவிடவில்லை. "அவன் வந்தான்னா ஊடு அடையாளம் தெரியாம பூடும்," என்பாள்.

"அண்ணி, அது வெறும் அழுக்கு," என்றாள் நந்திதா. "நான் துணியால ஒவ்வொண்ணா தொடைக்கிறேன் இல்ல? ஒரு தாள் மாதிரி இன்னொரு தாள் வராது."

"அப்ப இன்னொண்ணு எடு. பாக்கலாம்."

நந்திதா தகட்டை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். புதுத் துணி எடுத்தாள். புது டப்பா உடைத்து மை பூசினாள். உருளையில் கொடுத்து, தாளின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரித்தாள். கருப்பு வட்டம் தாளை விட மனசில்லாமல் உள்ளுக்கு இழுத்தது. உரித்தெடுத்த தாளில் அந்தக் கோடு இருந்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை. கருப்பை நோக்கிக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

செங்கமலம் அந்தத் தாளை முதல் தாளுக்குப் பக்கத்தில் கொடியில் மாட்டினாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "அடுத்த ஞாத்திக்கெழம வரேன். நான் இல்லாம எடுக்காத," என்றாள்.

ரகு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறான். அரக்கோணத்துக்காரன். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவான். அடுத்த சில ஞாயிறுகளில் கொடியில் தாள்கள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். பிறகு தாள்களைப் பார்த்தான். ஸ்கேல் வைத்து அளந்தான். நெடுநேரம் கழித்துக் கண்ணாடியை மடக்கினான்.

"தகட்டுல ஒண்ணும் இல்ல. நான் தெனம் இந்த வேலதான் பாக்கறேன் நந்தி. அச்சுல கீறல் இருந்தா வர்ற பீஸ் எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கும். இது நடக்குது."

"நடக்குதா?"

"உள்ள பக்கமா நடக்குது. மொதல்ல வேகமா. இப்ப மெதுவா. ஒவ்வொரு தாளுக்கும் தூரம் கொறஞ்சிக்கினே வருது. நிறமும் மங்குது." அவன் தாள்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். "இத உட்டுடு. எனக்குப் பிடிக்கல."

நந்திதா முதல் தாளையும் கடைசித் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வருஷம் ஆசிரியர்கள் அறையில், இயற்பியல் பாடம் எடுக்கும் பிரபாகர் அவளுடைய ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். கருந்துளைக்குள் ஒருவன் விழுந்தால் அவனுக்கு நொடியில் முடிந்துவிடும். ஆனால் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அவன் விழுந்து முடிவது தெரியவே தெரியாது. விளிம்பை நெருங்க நெருங்க அவன் மெதுவாவான். கடைசியில் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி தெரியும். சிவந்து, மங்கிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அவள் பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தத் தகட்டைச் செய்ததே அதற்குப் பிறகுதான். பிரபாகர் சொன்னதை அவள் ரகுவிடமும் சொல்லவில்லை, செங்கமலத்திடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை செங்கமலம் வந்து கடைசித் தாளின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "உள்ள போவல பாரு. வாசப்படிகிட்ட வந்துட்டு, போவாம நின்னுக்கினே கீறாரு."

அதற்குப் பிறகு அவள் ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை. தறிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு வார நாட்களிலும் வந்தாள். நந்திதா பள்ளியிலிருந்து திரும்பும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். கொண்டுவந்த சோற்றுத் தூக்கு திறக்காமல் பக்கத்தில் இருக்கும். உள்ளே வந்ததும் தாள்களை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். "நேத்து எடுத்ததுல இன்னும் கொஞ்சம் மங்கிக்கினு கீறாரு. இன்னொண்ணு எடு," என்பாள். நந்திதா எடுப்பாள். மாட்டேன் என்று சொல்ல அவளால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. தாளை உரிக்காமல் இருந்த நாட்களில் வகுப்பில் பாடம் ஓடவில்லை.

அந்த அறையில் வேறு சிலவும் நடந்தன. தாள்களின் நடுக்கருப்பு காயவேயில்லை. மற்ற இடங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகும், வட்டத்தில் விரல் வைத்தால் விரல் கருப்பாகியது. ஒரு மாதம் பழசான தாளிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் பக்கத்து வீட்டு மாடியில் வடாம் ஒரே பகலில் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு வாடை. மாம்பழம் அழுகிய வாடை. ரகு இயந்திரத்தை நகர்த்தி, பலகைக்கு அடியில், பரண்மேல், குப்பைக்கூடையில் எல்லாம் தேடினான். அந்த வருஷம் அவர்கள் இன்னும் மாம்பழமே வாங்கியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் வாடை வெளியே போகவில்லை. தாள்களுக்குப் பக்கத்தில் போனால்தான் கூடியது. அன்றிலிருந்து ரகு முன்னறையைத் தாண்டி வருவதை நிறுத்திவிட்டான்.

மே மாதம் ஒரு ஞாயிறு, உச்சி வெயிலில் பொன்னியம்மாள் வந்தாள். மகள் வீட்டுக்கு வருவதாக அவள் போன்கூடச் செய்யவில்லை. ரகு காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். செங்கமலம் வந்திருந்தாள். நந்திதா அடுத்த தாளுக்குத் தகட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுபோயிருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் பொன்னியம்மாள் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே. "இவ வாரத்துல மூணு நாளு வேலைக்குப் போறதில்லன்னு தறிக்கூடத்துக்காரரு ஊட்டுக்கே வந்து கேக்கறாரு. இன்னா நடக்குது இங்க?"

பொன்னியம்மாளின் கண் கொடியில் தொங்கிய தாள்கள்மேல் போனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் தாளிடம் போனாள். யாரும் அவளிடம் எதையும் காட்டவில்லை. அவளாகவே குனிந்து, வலப்பக்கத்து வெள்ளையில் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு புறங்கையால், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, அதைத் தொட்டாள்.

"மேல் பொத்தான் போடாம நிக்கறான் பாரு," என்றாள். "எப்பவும் அப்பிடித்தான்."

அந்தக் கோட்டில் பொத்தான் தெரிய வழியே இல்லை. பூதக்கண்ணாடியிலும் தெரிந்ததில்லை.

பொன்னியம்மாள் ஒவ்வொரு தாளாக நகர்ந்தாள். நகர நகர அவள் முகம் மாறியது. கடைசித் தாளில் கருப்பின் ஓரத்தை ஒட்டிக் கண்ணுக்குப் பட்டும் படாமலும் ஒரு பழுப்பு நிழல்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமானது. கண்டுபிடித்ததும் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல எடுக்காத."

"அம்மா..."

"எடுக்காதன்னு சொல்றேன் இல்ல? இன்னொண்ணு எடுத்தா அவன் பூடுவான்டி! பாக்கத் தெர்ல உங்களுக்கு?" விறுவிறுவென்று இயந்திரத்திடம் வந்தாள். அதன் இரும்புப் பலகையின் ஓரத்தில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். அறுபத்தைந்து வயதில் அவள் அப்படி எதன்மேலும் ஏறி நந்திதா பார்த்ததில்லை. "இப்ப சுத்து பாக்கலாம். என் மேல ஏத்தி சுத்து."

நந்திதா சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ போன சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மாம்பழ வாடை நெஞ்சை அடைத்தது.

செங்கமலம் மெல்ல வந்து மாமியாரின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்த."

"நீ பேசாத. நீதான் இவளைத் தூண்டி உட்டுக்கினு கீற."

"பேசல அத்த. ஒண்ணு மட்டும் கேக்கறேன். எம்மா நாளு அவரு அங்கியே நிக்கறது? ஆறு வருசம் ஆவப் போவுது. செருப்புகூட இல்ல. கால் நோவாதா?"

பொன்னியம்மாள் மடக்கிய தன் காலைப் பார்த்தாள்.

"நாம ஒக்காந்து சோறு துன்றோம். படுத்துத் தூங்கறோம். அவரு நின்னுக்கினே கீறாரு. போவவும் முடியல, வரவும் முடியல. நான் பாத்துக்கினே இருந்தா அவரு போவாம இருப்பாருன்னுதான் நானும் இத்தினி நாளா பாத்தேன். அவருக்கு முடியல அத்த. தெர்யுது எனக்கு."

பொன்னியம்மாள் அழவில்லை. இரும்புப் பலகையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். மை அவள் விரல்களில் ஏறியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கரண்ட் வந்து, மின்விசிறி ஒருமுறை முனகிவிட்டு மறுபடி நின்றுபோனது. அவள் காலைக் கீழே விட்டு இறங்கினாள். செங்கமலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது.

"எந்தப் பக்கம் சுத்தணும்?" என்றாள் நந்திதாவிடம்.

"உன்னால முடியாதும்மா. கனமா இருக்கும்."

"பெத்தவ நான். எந்தப் பக்கம்னு சொல்லு."

நந்திதா தகட்டைப் பலகைமேல் வைத்தாள். ஈரத்தாளை அதன்மேல் இறக்கினாள். கம்பளியைப் போர்த்தினாள். மூன்று பேரும் சக்கரத்தைப் பிடித்தார்கள். பலகை உருளைக்கு அடியில் போய் மறுபக்கம் வந்தது. கம்பளியை விலக்கி நந்திதா தாளின் முனையைப் பிடித்தாள். இந்த முறை கருப்பு தாளை இழுக்கவில்லை. தொட்டதும் தளர்ந்து கையோடு வந்துவிட்டது.

கருப்பு வட்டம். சுற்றி வெள்ளை வளையம். வேறொன்றும் இல்லை.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஜன்னலிடம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எங்கும் இல்லை. பொன்னியம்மாள்தான் முதலில் கொடியைத் திரும்பிப் பார்த்தவள். "நந்திதா," என்று கூப்பிட்ட அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

கொடியில் தொங்கிய தாள்கள் எதிலும் அந்தச் சிவப்புக் கோடு இல்லை. முதல் தாளிலும் இல்லை. ஊசியால் நெருடிய இடத்தில் ஊசி கிழித்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நந்திதா ஒவ்வொரு தாளையும் கிளிப்பை விட்டுக் கழற்றிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். ஒரு தாள் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் அறையில் மையும் மண்ணெண்ணெயும் தவிர வேறு வாடை இல்லை என்பது தெரிந்தது.

"கொஞ்சம் தண்ணி குடு," என்றாள் பொன்னியம்மாள். குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். செங்கமலம் அவள் பக்கத்திலேயே வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். படுத்தவுடன் தூங்கிப்போனாள். சாயங்காலம்வரை அசையவில்லை.

ரகு ஷிப்ட் முடிந்து வந்தான். நந்திதா சொன்னதைக் கேட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனான். தாள்களை அவன் கண்ணாடி வைத்துப் பார்ப்பதைப் பொன்னியம்மாள் சுவரோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் கையால் அளந்தவை அவை. கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். நந்திதா வைத்துவிட்டுப் போன காபி ஆறிப்போகும் வரை அங்கேயே இருந்தான்.

மறுநாள் நந்திதா வேலைக்குப் போனாள். லீவு நாட்கள் என்றாலும் கோடை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வகுப்பின் நடுவே போன் வந்தது. பங்காருபாளையம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள். "மீரு திருமல செல்லெலேனா அம்மா?" என்று கேட்டார். திருமலையின் தங்கைதான் என்று அவளும் தெலுங்கிலேயே சொன்னாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

லாரி நின்ற இடத்துக்கு எதிரே, ரோட்டைத் தாண்டி ஒரு தோப்பு. பெங்களூரில் இருக்கும் ஒருவருக்குச் சொந்தமானது. அதற்குள் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு பழைய கிணறு முள்புதர் மூடிக் கிடந்திருக்கிறது. போலீஸுக்கும் தெரியவில்லை, ஊரிலும் பலருக்கு மறந்துபோயிருந்தது. நடுவில் சில வருஷம் யாரோ மாம்பழக் கழிவை, கொட்டையும் தோலுமாக, டிராக்டரில் கொண்டுவந்து அதில் கொட்டியிருக்கிறார்கள். இப்போது தோப்பு கைமாறி, புது ஆள் கிணற்றைத் தூர் வார விட்டிருக்கிறார். நேற்று மத்தியானம், கூலியாட்கள் சாப்பாட்டுக்கு மேலே ஏறுகிற நேரத்தில், கழிவுக்கு அடியிலிருந்து எலும்புகள் வந்தன. அவற்றோடு ஒரு லாரிச் சாவி. காறை எலும்பு ஒன்றில் ஸ்டீல் தகடு.

நேற்று மத்தியானம் எத்தனை மணிக்கு என்று நந்திதா கேட்கவில்லை.

சித்தூர் பெரியாஸ்பத்திரியில் பொன்னியம்மாளும் செங்கமலமும் அந்த ஸ்டீல் தகட்டைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். யாரும் தள்ளியதாகத் தெரியவில்லை என்றார் எஸ்ஐ. வண்டியை நிறுத்தியவன் செருப்பு போடாமல் இறங்கி, ஒதுங்குவதற்கு இருட்டில் தோப்புக்குள் போயிருக்கிறான். புதர் என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறான். ஒரு அடி. அவ்வளவுதான் நடந்தது.

ஊரில் வைத்துக் காரியம் செய்தார்கள். கொள்ளி யார் வைப்பது என்று உறவுக்குள் பேச்சு எழுந்தது. பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிடலாம் என்றார்கள். பொன்னியம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செங்கமலம் வெப்பா," என்றாள். தாலி விஷயத்தை எடுத்த பெண்களையும் அவளே தடுத்தாள். "அது அவகிட்ட கீறது. வெச்சிக்கறதும் கழட்டறதும் அவ பாடு."

ரகுவுக்கு ஒரு கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. பத்தாம் நாள் முடிந்து திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை மெதுவாகக் கேட்டான். "கெணத்துல எலும்ப எடுத்ததாலதான் தாள்ல கோடு போச்சு. அப்பிடித்தானே?"

"செங்கமலம் அண்ணி அப்பிடிச் சொல்லல," என்றாள் நந்திதா. "நாங்க சக்கரத்த சுத்தினதாலதான் கூலியாளுங்க மம்மட்டியில அவன் சிக்கினான்னு சொல்றாங்க."

"உனக்கு எது சரின்னு தோணுது?"

நந்திதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புத்தூர் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது தாள்களின் நடுக்கருப்பு கல்மாதிரிக் காய்ந்திருந்தது. அவள் அந்தத் தகட்டைக் கழுவிச் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். கண்காட்சிக்குக் கித்தானில் வரைந்தவற்றை மட்டும் அனுப்பினாள். அச்சுகள் எங்கே என்று அவர்கள் கேட்டதற்குச் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் கடைசியில் செங்கமலம் ஒரு நாள் போன் செய்தாள். "எனக்கு அந்தக் கெணத்தப் பாக்கணும்."

"வேணாம் அண்ணி."

"நீ வந்தா உன்கூட வரேன். வரலன்னா தனியா போறேன்."

இருவரும் சித்தூர் போய், அங்கிருந்து பங்காருபாளையம் பஸ் ஏறினார்கள். ரோடு நெடுக மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நின்றன. தோப்புக்காவல்காரரின் மனைவி சுலோசனா அவர்களை உள்ளே கூட்டிப்போனாள். யார் என்று தெரிந்ததும் முன்னால் நடந்து வழி காட்டினாள். மரங்களுக்கு நடுவே முள்ளெல்லாம் வெட்டி ஒதுக்கியிருந்தது. கிணற்றைச் சுற்றிப் பாதிக்குக் கருங்கல் சுவர் எழும்பியிருந்தது. மீதிப் பாதி அப்படியே திறந்து கிடந்தது.

செங்கமலம் அந்தத் திறந்த பக்கமாகப் போனாள். நந்திதா பதறி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். செங்கமலம் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வருஷக்கணக்காக மனதில் எதை எதையோ பார்த்துப் பழகிய கண் அது. கீழே செம்மண் தெரிந்தது. ஒரு கூடையும் ஒரு ஏணியின் கால்களும் தெரிந்தன.

"இவ்ளோதானா?" என்றாள். "ஆழமே இல்லியே, நந்திதா."

நந்திதா அவள் முந்தானையை விடவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள். பக்கச்சுவரை ஒட்டி, நிழலுக்குள், ஒரு ஆள் மண் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகம் தெரியவில்லை. கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பது மட்டும் தெரிந்தது.

"எவரம்மா அக்கட? கொஞ்செம் ஜரகண்டி. வெளுதுரு ராவட்லேது."

"உங்க நெழலு வெளிச்சத்த மறைக்குதாம்," என்றாள் சுலோசனா. "கொஞ்சம் நகர்ந்துக்கோங்கம்மா."

செங்கமலம் இன்னும் ஒரு கணம் அந்த ஓரத்தில் நின்றாள். பிறகு பின்னால் நகர்ந்தாள்.